மறு: மறு: ஃப்ளேம்ப்ரூஃப் = தீப்புகா?

> காற்றோட்டக் கருவிப் பராமரிப்புத் தாளில் "ஃப்ளேம்ப்ரூஃப் மோட்டார்" என்பதற்குத் "தீப்புகா மோட்டார்" என்று போட்டிருக்கிறேன். நீர்புகா, ஒலிபுகா போல. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆட்சேபம் உண்டா?

உண்டு அம்மா. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் 30 வருடம் மின்பராமரிப்பு பார்த்தவன்; தமிழ் படித்தவன் இல்லை.

தீப்புகா என்று படிப்பவனுக்கு என்ன தோன்றும்? வெளியே தீ இருந்தாலும் உள்ளே போகாது என்று. நடப்பது அதற்குத் தலைகீழ். எரியும் வாயு இருக்கும் இடத்தில் வைக்கிற அந்த மோட்டாருக்குள் வாயு போகும். ஓடிச் சூடாகி, நின்று ஆறும்போது மூச்சு இழுப்பது போல வெளிக்காற்றை இழுக்கும், காற்றோடு வாயுவும் வரும். உள்ளே ஒரு பொறி தட்டினால் பெட்டிக்குள்ளேயே வெடிக்கும். வெடித்தாலும் தாங்கட்டும் என்றுதான் உடம்பைத் தடித்த வார்ப்பில் செய்திருக்கிறார்கள். மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் மயிரிழை இடுக்கு ஒன்று இருக்கும். அனல் அதன் வழியே வெளியே வருவதற்குள் இரண்டு பக்கத்து உலோகமும் சூட்டைக் குடித்துவிடும். வெளியே வருகிற புகைக்குச் சுற்றியுள்ள வாயுவைப் பற்றவைக்கும் தெம்பு இருக்காது. அவ்வளவுதான் சூட்சுமம். 25 மில்லிமீட்டர் நீள இடுக்கில் சோதித்த அளவில் புரொப்பேன் சுடர் 0.92 மில்லிமீட்டர் இடைவெளி வரை தாண்டாது, எத்திலீன் 0.65, ஹைட்ரஜன் 0.29 தான். மோட்டாரில் விடுகிற இடைவெளி இதைவிடக் குறைவு.

ஆக, எல்லாம் அந்த இடுக்கில் இருக்கிறது. ஓர் ஆலையில் (பேர் வேண்டாம்) எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டாரில் கேபிள் இணைக்கும் டெர்மினல் பெட்டியைப் பார்த்தேன். எட்டு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று இடுக்கில் எம்-சீல் பசை வேறு அப்பியிருந்தது. கேட்டதற்குப் பையன் சொன்னான்: "இதான் நெருப்பு புகாத மோட்டாராச்சே அண்ணே, அஞ்சு போல்ட்டு போதாதா?" அவன்மேல் குற்றமில்லை, சுவரில் இருந்த போர்டு அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. ஒரு போல்ட் தளர்ந்தால் இடுக்கு அகலும், உள்ளே வெடித்த சுடர் சூடு தணியாமல் வெளியே வந்துவிடும். நம் கடலோர உப்புக்காற்றில் இடுக்கின் முகம் துருப்பிடிக்கும். அதை அரம் போட்டுத் தேய்த்தாலும் இதே கதிதான். முகத்தில் பெயின்ட் அடிக்கவும் கூடாது. மெதுவாகத் துடைத்து, இறுகாத கிரீஸ் மெல்லிசாகப் பூசி மூட வேண்டும். பயன்படாத கேபிள் துளை இருந்தால் அதற்கென்று சான்று பெற்ற அடைப்பான்தான் போட வேண்டும். கந்தைத்துணியைச் செருகியதையும் பார்த்திருக்கிறேன்.

எனவே சொல்லில் "புகா" இருக்கக் கூடாது. "தீத்தடுப்பு" என்றால் தீயணைப்பு சிலிண்டர் நினைவு வருகிறது. "வெடிகாப்பு" மோசமில்லை, ஆனால் அது எல்லா வகைக்கும் பொது. பொறியே வராமல் பார்த்துக்கொள்ளும் வகை, உள்ளே சுத்தக்காற்றை அழுத்தத்தில் நிரப்பி வைக்கும் வகை என்று இன்னும் பல இருக்கின்றன. நான் முன்வைப்பது: சுடரடக்கு. சுடரடக்கு மோட்டார், சுடரடக்கு பெட்டி. சுடர் உள்ளே உண்டு, பெட்டி அதை அடக்கி வைக்கிறது என்று சொல்லே சொல்லிவிடும்.

இன்னொன்று. தாளின் முதல் வரியில் "வெடிக்கும் வளிமண்டலத்தில்" என்று இருக்கிறது. இதைக் கொடுங்கையூரில் கழிவுநீர் பம்ப் பார்க்கும் ஆளிடம் கொடுத்தால் அவர் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். "வெடிவளி" போதாதா? மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் அது வெடிவளி. அதற்குக் கீழே வாயு போதாது, மேலே காற்று போதாது.

இந்தத் தாளுக்கு முக்கியமானதும் விட்டுப்போயிருக்கிறது. ஒரு இடம் எவ்வளவு ஆபத்து என்று மண்டலம் பிரிக்கும்போதே, ஃபேன் ஓடுகிறது என்பதையும் கணக்கில் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அந்த ஃபேனையே வேலைக்காக நிறுத்தினால் ஆபத்து குறைந்த மண்டலம் 2 என்று எழுதிய இடம் ஆபத்து கூடிய மண்டலம் 1 ஆகிவிடலாம். கூரையடியில் மீத்தேன் சேரும், குழியில் ஹைட்ரஜன் சல்பைடு தங்கும். பர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) காலையில் எடுத்த வாயு அளவு ஃபேன் ஓடும்போது எடுத்தது. நிறுத்திய பின் மறுபடி அளக்க வேண்டும். இதை முதல் வரியாகப் போடுங்கள். இம்பெல்லர் (ஃபேனின் இறக்கைச் சக்கரம்) உறையில் உரசுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பது நல்லது. அதோடு, அலுமினியம் துருப்பிடித்த இரும்பில் அடிபட்டால் வரும் பொறி சாதாரணப் பொறியைவிட அதிகச் சூடு என்பதையும் சேருங்கள். அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கும் அது தெரியட்டும்.

திருவொற்றியூரிலிருந்து

——

ஐயா, வணக்கம். நான் இராயபுரத்தில் பள்ளித் தமிழாசிரியை. "சுடரடக்கு பெட்டி" என்பதில் "அடக்கு பெட்டி" வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. அதனால் ஒற்று மிகாமல் எழுதியது சரி. அடக்கியது, அடக்குகிறது, அடக்கும் என மூன்று காலமும் அதில் ஒளிந்திருக்கிறது.

ஒரு தயக்கம்: "அடக்கு" என்றால் அணைப்பது என்றும் கொள்வார்களே? கலவரத்தை அடக்குவது போல. "சுடரடை" என்றால் அடைத்து வைப்பது தெளிவாகும். (என் மகன் மட்டும் "அதற்கு அவியல் உண்டா?" என்று கேட்டான்.)

——

டீச்சர், அவியல் வந்துவிட்டதால் சுடரடை போயிற்று. சைட்டில் அந்தச் சொல்லை யாரும் சிரிக்காமல் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் தயக்கம் நியாயம்தான். நேற்று தண்டையார்பேட்டையில் வைண்டிங் கடை வைத்திருக்கும் நண்பரிடம் "சுடரடக்கு மோட்டார்னா என்ன புரியுது?" என்று கேட்டேன். "உள்ள எரியும், வெளிய விடாது" என்றார். உடனே, "எஃப்எல்பியைத்தானே சொல்றே?" என்றும் கேட்டார் (ஃப்ளேம்ப்ரூஃபுக்குச் சைட்டில் சொல்லும் சுருக்கம் அது). அணைப்பது என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரே ஆள்தான், சாட்சி போதாது என்பீர்கள்.

எஃப்எல்பி என்ற வாய்ச்சொல்லை நம்மால் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஸ்டோரில் போய்ச் சுடரடக்கு கிளாண்ட் (கேபிள் நுழையும் துளையில் போடும் இறுக்கி) கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்துப் போடலாம். அம்மா, உங்கள் பத்தி இப்படி இருந்தால் எனக்குச் சம்மதம்:

"ஃபேனை நிறுத்தியதும் வெடிவளி சேரலாம், வாயுவை மறுபடி அளந்த பிறகே தொடவும். இது எஃப்எல்பி என்னும் சுடரடக்கு மோட்டார். இதன் உள்ளே வெடிக்கலாம். அந்தச் சுடர் வெளியே வராமல் காப்பது மூடியின் இடுக்கு. மின்சாரம் துண்டித்துப் பூட்டுப் போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். எட்டு போல்ட் கழற்றினால் எட்டையும் போடுங்கள்."

எட்டு என்பதை மட்டும் அந்தந்த மோட்டாருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.