போனை வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் கூடியிருக்க: திருகோணமலையில் யாராவது நடத்தியிருக்கிறீர்களா?

உவர்மலைப் பிள்ளை:

வணக்கம். நான் ரியூசன் வகுப்பில் படிப்பிக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, கிழமையில் ஒரு பின்னேரம் போனை ஒரு இடத்தில் வைத்துவிட்டுக் கூடியிருக்கலாம் என்று கதைத்திருக்கிறோம். ஆம்ஸ்டர்டாமில் 2024இல் 'ஆஃப்லைன் கிளப்' என்று தொடங்கினார்கள். வருகிறவர்கள் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் வாசிக்கிறார்கள், கதைக்கிறார்கள். அதைப் பற்றி அறிந்த பிறகுதான் இந்த ஆசை வந்தது.

ஆனால் அம்மா கேட்ட முதல் கேள்வியே, "கனடாவில இருந்து அண்ணா எடுத்தா என்ன செய்வாய்?" என்பதுதான். எனக்குப் பதில் வரவில்லை. எந்த நேரம் நல்லது, போன்களை எப்படி வாங்கி வைப்பது, வந்தவர்களை என்ன செய்ய வைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புவெளி அக்கா:

தங்கச்சி, அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதிலைக் கண்டுபிடித்துவிட்டுத் தொடங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

போன சித்திரையில் இருந்து ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வளவில் இதை நடத்துகிறேன். முதல் கிழமை பதினொரு பேர் வந்தார்கள். அரை மணித்தியாலத்துக்குள் நாலு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். அவர்களைப் போனுக்கு அடிமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒருவருக்கு மகன் கட்டாரில், இன்னொருவருக்குத் தாய் ஆஸ்பத்திரியில். எங்கள் ஊரில் பாதிக் குடும்பம் போனுக்குள்தான் இருக்கிறது. அதை வாங்கி வைத்தால் யாருக்குத்தான் இருப்புக் கொள்ளும்?

அடுத்த கிழமையே ஒரு பழைய பொத்தான் போன் வாங்கினேன். அந்த நம்பரை எல்லாரும் தங்கள் வீட்டுக்கும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் அனுப்பினார்கள். அவசரம் என்றால் அதற்கு எடுக்கலாம். இவ்வளவு மாதத்தில் அது மூன்று தரம்தான் அடித்திருக்கிறது. ஆனாலும் அது மேசையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் சனம் ஆறுதலாகக் குந்தியிருக்கிறது.

நேரம் நாலு மணியில் இருந்து ஆறு மணி. இங்கே நாலு மணி என்றால் டொரன்டோவில் ஞாயிறு விடிய ஆறரை, அங்கே குளிர்காலம் என்றால் ஐந்தரை. அந்த நேரம் யாரும் எடுக்க மாட்டார்கள். கட்டாரில் லீவு வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் நாளைப் பிடித்தேன்.

போன்களை வைக்கிற விஷயத்தில் நான் பெரிய பிழை விட்டேன். எல்லாவற்றையும் ஒரு கடகத்துக்குள் போட்டு வாங்கினால் ஒன்றின் கண்ணாடி வெடித்துவிட்டது. காசு கட்டினேன், அது நியாயம்தான். இப்போது பழைய சேலைத் துணியில் சுருக்குப்பை தைத்து, சிவப்பு நூலால் இலக்கம் போட்டிருக்கிறேன். அதே இலக்கமுள்ள அட்டை உரியவர் கையில். போனை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் பைக்குள் போட வேண்டும். சத்தத்தை மட்டும் குறைத்து வைத்தால் அலுமாரிக்குள் கிடந்து அதிரும், அந்த மரச்சத்தத்துக்கு எல்லார் தலையும் திரும்பும். அலுமாரி உள்ளறையில் இருக்கட்டும். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், போனை மேசையில் கவிழ்த்து வைத்தவர்களைவிட வேறு அறையில் விட்டு வந்தவர்கள் கவனம் தேவைப்படுகிற சோதனைகளை நன்றாகச் செய்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. ஆனால் எங்கள் வளவில் நான் கண்டது அந்த முதல் ஆய்வு சொன்ன மாதிரித்தான்.

ஒரு மணிக்கூடும் தேவை. முதல் நாள் ஆளாளுக்கு நேரம் கேட்டார்கள், ஒருவர் கையிலும் மணிக்கூடு இல்லை. குசினிச் சுவரில் இருந்ததைக் கழற்றி வந்து வேம்பில் தொங்கவிட்டேன். இப்போதும் அங்கேதான் தொங்குகிறது.

என்ன செய்ய வைப்பது என்று கேட்டீர்கள். அரை மணி வாசிப்பு, அரை மணி உரையாடல் என்று நானும் அட்டவணை போட்டேன். பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிட்டது, விட்டுவிட்டேன். கைக்கு ஏதாவது வேலை இருந்தால் வாய் தானாகக் கதைக்கும். பக்கத்து வீட்டு அன்ரி முருங்கை இலை கொண்டு வந்து பாயில் கொட்டுவார், நாலு பேர் சுற்றியிருந்து ஆய்வார்கள். போன் இல்லாமல் என்ன செய்வது என்று முதல் நாள் கேட்ட பொடியன்தான் இப்போது காம்பு விழாமல் ஆய்கிறான்.

மற்றப் பாயில் 304 என்கிற கடதாசி விளையாட்டு, சீட்டாட்டம்தான். ஒரு நாள் ஒன்பது பெரிதா ஏஸ் பெரிதா என்று சண்டை. இரண்டு பேரின் கை சட்டைப் பைக்குப் போய் வெறுமனே திரும்பியது. எங்கள் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒன்றும் சொல்லாமல் கடதாசியைப் பாயில் வரிசையாக வைத்தார். ஜே 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. "கூட்டுங்கோ" என்றார். 76. நாலு இனத்துக்கும் பெருக்கினால் 304. இருபது வருடமாக விளையாடுகிறவருக்கே அந்தப் பேர் ஏன் வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

கிண்ணியாக்காரன்:

அக்கா சொன்னதில் ஒரு திருத்தம். கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்னமே பொழுது பட்டுவிடும். எங்கள் ஆட்களும் வருவதென்றால் அந்த மாதங்களில் ஐந்தரைக்கு முடியுங்கள், மஃரிபுத் தொழுகைக்குப் போக வேண்டும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாங்கள் பாதை என்கிற மிதவைப் படகில்தான் கடல் கடந்தோம். பாதை வரும்வரை கரையில் நிற்கிற நேரத்தில்தான் எனக்குப் பாதிச் சிநேகிதர்கள் கிடைத்தார்கள். அதனால் உங்கள் முயற்சியில் எனக்கு நிரம்ப விருப்பம்.

தங்கச்சி, நீங்கள் ரியூசன் படிப்பிக்கிறவர் என்பதால் ஒரு வேண்டுகோள். என் மகனுக்கு ஞாயிறு பின்னேரம்தான் வாட்ஸ்அப் குழுவில் பேப்பர் வரும். போனை வைத்துவிட்டு வா என்று நான் எப்படிச் சொல்வது? படிப்பிக்கிறவர்கள் சனிக்கிழமையே அனுப்பினால் பிள்ளைகளும் வருவார்கள்.

உவர்மலைப் பிள்ளை:

அண்ணா, நீங்கள் சொன்னது சுட்டது. நானும் ஞாயிறு நாலு மணிக்குத்தான் அனுப்புகிறேன். இந்தக் கிழமையில் இருந்து சனி இரவே போட்டுவிடுகிறேன், மற்ற ஆசிரியர்களிடமும் கேட்கிறேன். அக்கா, மழைக்கு என்ன செய்கிறீர்கள்?

உப்புவெளி அக்கா:

ஐப்பசி பிறந்தால் விறாந்தைக்கு மாறிவிடுவோம். எட்டுப் பேருக்கு மேல் கொள்ளாது, அதனால் முதலே பேர் சொல்ல வேண்டும். தேத்தண்ணிக்குத் தலைக்கு 50 ரூபா வாங்குகிறேன். வாற ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பொத்தான் போன் நம்பரை அண்ணாவுக்கு அம்மாவே அனுப்பட்டும்.