அப்பாவுக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது, இது குறட்டையா?

அப்பாவுக்கு 68 வயசு, ஹார்ட் ஃபெயிலியர்னு ரெண்டு வருஷமா மாத்திரை ஓடுது, எக்கோல ஈஎஃப் (ஒரு துடிப்புல ஹார்ட் எத்தன சதவீதம் ரத்தத்தை வெளிய தள்ளுதுங்கிற கணக்கு) 30. போன வாரம் அம்மா ஊருக்குப் போனதால நான் அவர் பக்கத்துல பாய் போட்டுப் படுத்தேன், அப்பதான் கவனிச்சேன். மூச்சு மொதல்ல மெதுவா வருது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பெருசாகி மாடிப்படி ஏறி வந்தவர் மாதிரி வாங்குது, அப்புறம் அதே மாதிரி தேய்ஞ்சு தேய்ஞ்சு சுத்தமா நின்னுடுது. மூக்குகிட்ட கை வச்சுப் பாத்தா காத்தே இல்ல. செல்லுல எண்ணினேன், 22 செகண்ட். எழுப்பலாம்னு தோள்ல கை வைக்கிறேன், தானா ஆரம்பிச்சுடுச்சு. விடிய விடிய இதேதான். காலைல கேட்டா நல்லாத்தானே தூங்கினேன்கிறாரு, அம்மாகிட்ட போன்ல சொன்னா "அது குறட்டைடா"ங்கிறாங்க. மிஷின் ஏதாச்சும் வாங்கணுமா?

நைட்டூட்டி அக்கா
தம்பி, ஐசியூல 11 வருஷம் நைட் பாத்தவ நான். நீங்க எழுதியிருக்கிறது செயின் ஸ்டோக்ஸ் ப்ரீதிங் மாதிரியே இருக்கு, 1818லயே டப்ளின்ல செயின்னு ஒரு டாக்டர் எழுதி வச்சது, 1854ல ஸ்டோக்ஸும் எழுதினாரு. குறட்டைக்காரங்களுக்கு தொண்டை அடைச்சுத்தான் மூச்சு நிக்கும், அப்ப நெஞ்சும் வயிறும் முட்டி மோதிக்கிட்டு ஏறி இறங்கும். இதுல நிக்கும்போது வயிறே அசையாது. டார்ச் அடிச்சுப் பாருங்க, முடிஞ்சா மூணு நிமிஷம் வீடியோ எடுங்க, வாயால சொல்றதை விட டாக்டருக்கு அது உதவும்.

ஹார்ட் வீக்கா பம்ப் பண்றதால நுரையீரல்ல இருந்து ரத்தம் மூளைக்குப் போய்ச் சேர லேட்டாகுது. கார்பன் டை ஆக்ஸைடு குறைஞ்சுடுச்சுங்கிற சேதி மூளைக்குப் பழசாத்தான் போகுது, அதுக்குள்ள தேவைக்கு மேல மூச்சு வாங்கியாச்சு, அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சே வேணாம்னு நிறுத்திடுது. ஹீட்டர் குழாயத் திருப்பினதும் சூடு வரலைன்னு இன்னும் திருப்பிட்டு அப்புறம் சுட்டுக்குவோமே, அந்தக் கதைதான்.

பாலு அண்ணன்
தினமும் கபாலபாதி மூச்சுப்பயிற்சி பண்ணச் சொல்லுங்க, எல்லாம் சரியாயிடும்.

நைட்டூட்டி அக்கா
அண்ணே தயவுசெஞ்சு வேணாம். ஹார்ட் வீக்கா இருக்கிறவங்க அதைப் பண்ணக்கூடாது. தூக்கத்துல தானா நடக்குறதை பகல்ல மூச்சை உதறி சரி பண்ணவும் முடியாது.
தம்பி, மிஷினை நீங்களா வாங்கிடாதீங்க. ஈஎஃப் 45ம் அதுக்குக் கீழயும் உள்ளவங்களுக்கு ஏஎஸ்விங்கிற, தூங்கும்போது மாஸ்க் வழியா மூச்சுக்கு ஏத்த மாதிரி காத்து தள்ளுற மிஷினை வச்சுப் பாத்த ஆய்வு 2015ல வந்துச்சு, சர்வ் ஹெச்எஃப்னு பேரு, அதுல மிஷின் போட்டவங்க பக்கம்தான் ஹார்ட்டால சாவு கூடியிருந்துச்சு.

திண்ணை
எங்கம்மாவுக்கு தலகாணி ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு, கடைசில சேர்ல உக்காந்தே தூங்கினாங்க, நாங்க முதுகுவலின்னு நெனச்சோம். கொலுசு கால்ல பதிஞ்சு பள்ளம் விழுந்தப்பதான் நீர் கோத்திருக்கு, மட்டமாப் படுத்தா மூச்சு முட்டுறதாலதான் இத்தன தலகாணின்னு உறைச்சுது. அதுக்கப்புறம் டாக்டர் சொன்னபடி காலைல பாத்ரூம் போய்ட்டு வந்ததும் வெயிட் பாத்து காலண்டர்லயே எழுதுவோம், 3 நாள்ல 2 கிலோவுக்கு மேல ஏறினா உடனே போன். அப்பா எத்தன தலகாணி வைக்கிறாருன்னு பாருங்க, உப்பு ஆகாது, ஊறுகாய் பாட்டிலையும் ஒளிச்சு வைங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உதடு நீலமானாலோ யோசிக்காம 108.

கேட்டவன்
அக்கா, வயிறு அசையவே இல்ல. வீடியோவை கார்டியாலஜிஸ்ட் ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தாரு, கால அமுக்கிப் பாத்துட்டு நீர் மாத்திரைய ஏத்தினாரு, மிஷின் பேச்சே எடுக்கல, செவ்வாய்க்கிழமை ஸ்லீப் ஸ்டடி. திண்ணை, அவருக்கு மூணு தலகாணி, நான்தான் கவனிக்கல. அப்பா அந்த வீடியோவைப் பாத்துட்டு "யாருடா இந்தக் கிழவன்"ங்கிறாரு.