களிமண் அனிமேஷன்: எட்டாம் வகுப்புக்கு யோசனை வேண்டும்

வணக்கம். அரசுப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் களிமண் பொம்மைகளை வைத்து ஸ்டாப் மோஷன் படம் எடுக்கக் கற்றுத் தருகிறேன்; அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் படமாக எடுத்து, வரிசையாக ஓட்டுவது. நொடிக்கு 12 படம் என்று கணக்கு. பத்து நொடிக்கே 120 படம். ஒவ்வொரு அசைவையும் இரண்டு முறை எடுத்தால் 60 அசைவு போதும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். சோம்பேறித்தனத்திலும் லாபம் உண்டு!

முதலில் குயவர் மண்ணில் செய்தோம். நாலாவது நாள் நத்தையின் கழுத்து வெடித்துவிட்டது. அப்புறம் கடையில் விற்கும் எண்ணெய்க் களிமண்ணுக்கு மாறினோம். அது காயாது, சரி. ஆனால் மதிய வெக்கையில் இளகி, யானையின் தும்பிக்கை தானாகவே தொங்கிவிடுகிறது. உள்ளே கம்பி வைத்துச் செய்தவர்கள் இருந்தால், எவ்வளவு கனமான கம்பி வைத்தீர்கள்?

இன்னொன்று, படத்தை ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் மினுக்குகிறது. ஜன்னலை மூடி ஒரே விளக்கில் எடுத்தும், போன் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அதைப் பூட்டி வைக்கும் இலவசச் செயலி எது? என்னிடம் இருப்பது பழைய ஆண்ட்ராய்டு போன். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லும் ரப்பர் பேண்டும்தான்.

45 நிமிடப் பீரியடில் 38 பேரை எப்படிக் குழு பிரிப்பது என்றும் யாராவது சொல்லுங்களேன்.