280 கிலோ பிளேனருக்கு வீல்: போடலாமா, கூடாதா?

திருமங்கலத்தான்:
வீட்டுக் கார் ஷெட், 12க்கு 20 அடி. கரிசல் மண் மேல போட்ட 3 அங்குலக் காங்கிரீட் தரை. பலகையைச் சீவி மட்டமாக்குற வார்ப்பிரும்பு சர்பேஸ் பிளேனர், 280 கிலோ, அடிப்பாகம் 900க்கு 460 மி.மீ., மேசை உயரம் 850. பகல்ல நடுவுல நிக்கணும், ராத்திரி சுவரோரம் தள்ளிட்டு கார் நிறுத்தணும். 4 அங்குல வீல் ஒண்ணு 75 கிலோ தாங்குமாம். நாலுக்கு 300 ஆச்சே, போதும்தானே?

ஆங்கிள்_அம்பது:
போதாதுண்ணே. நாலால வகுக்காதீங்க, மூணால வகுங்க. மேடுபள்ளத் தரையில ஒரு வீல் சும்மாதான் தொங்கும். மிஷின் 280, சட்டமும் வீலும் 25, ஆக 305. மூணால வகுத்தா 102. வாசல் சேனல்ல ஏறி இறங்குற அடிக்கும் சேர்த்து 150 கிலோ வீலா எடுங்க, பாலியூரித்தேன் டயர். ரப்பர் ஒரே இடத்துல மாசக்கணக்கா நின்னா தட்டையாகி, உருட்டும்போது டக் டக்னு குதிக்கும்.

நட்டு_வச்ச_மிஷின்:
150 போட்டாலும் 500 போட்டாலும் பிளேனருக்கு வீலே தப்பு. வீலோட சாதா பிரேக் டயரைத்தான் பிடிக்கும், வீல் பக்கவாட்டுல திரும்புறதைப் பிடிக்காது. 6 அடிப் பலகையைத் தள்ளுறப்ப மிஷின் அரை அங்குலம் தலையாட்டும், அந்த நேரம் கை கத்திக்குப் பக்கத்துல இருக்கும். தரையில ஆங்கர் போல்ட் அடிச்சு நிறுத்துங்க. கார் வேப்பமரத்தடியில நிக்கட்டும், குறைஞ்சு போயிடாது.

ஆங்கிள்_அம்பது:
ஆங்கரா? 3 அங்குலக் காங்கிரீட்டுல 12 எம்.எம். ஆங்கருக்கு ஓட்டை போட்டா பிட்டு மண்ணைத் தொட்டுட்டு வரும். அதுவும் கரிசல். ஐப்பசி மழைக்கு உப்பும், சித்திரை வெயிலுக்கு வெடிக்கும். தரை ஒரு பக்கம் தூக்குச்சுன்னா, அதோட இறுக்கின மிஷினும் சேர்ந்து முறுக்கும்.

நட்டு_வச்ச_மிஷின்:
சரி, கரிசலுக்கு ஆங்கர் வேண்டாம், அதை ஒத்துக்கிறேன். அதுக்காக வீல்தான் வழின்னு ஆயிடாது. அடியில முள்ளை நுழைச்சுத் தூக்கி உருட்டுற கைப் பேலட் டிரக் ஒண்ணு வாங்கினா பட்டறையில இருக்கிற எல்லா மிஷினையும் அதுலயே நகர்த்தலாம். மிஷினுக்கு நாலு வீல்னு எத்தனை வாங்குவீங்க?

தேக்குச்சீவல்:
பேலட் டிரக் முள் தாழ்ந்த நிலையிலேயே 85 மி.மீ. உயரம், ரெண்டு முள்ளும் சேர்ந்து 540 அகலம், நீளம் 1150. இந்த மிஷினோட அடி 460தான். ரெண்டு கட்டையை 600 தள்ளிப் போட்டு, மேல குறுக்குச் சட்டம் வெச்சுத்தான் ஏத்தணும். மேசை 950ஐத் தாண்டிரும், பலகையை அழுத்தத் தோள் தூக்கணும். திரும்பவும் இடம் வேணும், கார் ஷெட்டுல எங்க இருக்கு?

திருமங்கலத்தான்:
வீல் மேல சட்டம் போட்டாலும் உயரம் கூடுமே?

ஆங்கிள்_அம்பது:
சட்டத்தை வீல் மேல வெச்சா கூடும். வீலை வெளியே தள்ளி வைங்க. 50க்கு 50 மி.மீ., 6 மி.மீ. கனத்துல ஆங்கிள் (L வடிவ இரும்பு) 10 அடி வாங்கி, அதோட படுக்கைப் பட்டை உள்பக்கம் வர்ற மாதிரி போட்டோ பிரேம் கணக்கா வளையம் பண்ணுங்க. உள்ளளவு மிஷினை விட 6 மி.மீ. கூட. நாலு மூலையும் முதல்ல டாக் (சின்னப் பொட்டு வெல்ட்) மட்டும் வெச்சு, மூலைக்கு மூலை குறுக்களவு ரெண்டும் பாருங்க. 2 மி.மீ.க்கு மேல வித்தியாசம்னா தட்டிச் சரி பண்ணிட்டு, எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தி 2.5 எம்.எம். ராடுல வெல்ட் அடிங்க. ஒரு மூலையை முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனா சட்டம் கோணிக்கும், அப்புறம் எந்தத் தரையிலயும் ஆடும்.

வீலை வாங்கி அளந்த பிறகுதான், சட்டத்துக்கு வெளியே வீல் பிளேட்டைத் தாங்குற பைப்பை வெட்டணும். மொத்த உயரம் 130னு வைங்க. சட்டம் தரையிலிருந்து 15 தூக்கி நிக்கணும்னா, வீல் பிளேட் சட்டத்தோட அடியிலிருந்து 115ல வரணும். பிளேட்டுக்குக் கீழே முக்கோணத் தாங்கு கட்டாயம், இல்லேன்னா ஆங்கிள் முறுக்கும். மேசை 21 மி.மீ.தான் ஏறும்.

நட்டு_வச்ச_மிஷின்:
உயரம் சரி. ஆட்டம்?

ஆங்கிள்_அம்பது:
வேலை நேரத்துல வீல் தரையைத் தொடவே கூடாது. நாலு மூலையிலயும் எம்16 நீள நட் வெல்ட் பண்ணி, முழு மரை போல்ட்டைக் காலா இறக்குங்க. ஒரு சுத்துக்கு 2 மி.மீ. இறங்கும், கால் தரையைத் தொட்ட பிறகு ஒன்றரைச் சுத்துல வீல் 3 மி.மீ. எழும்பிரும். துத்தநாகப் பூச்சு நட்டை அப்படியே வெல்ட் பண்ணாதீங்க, புகை கெடுதல், வெல்டும் பொத்தல் விழும். கருப்பு நட் கேளுங்க. மரையில தெறிக்காம இருக்க கிரீஸ் தடவின பழைய போல்ட் ஒண்ணை உள்ளே முறுக்கி வெச்சுக்கங்க.

தேக்குச்சீவல்:
கால் மூணு போதும். மூணு கால்ல எதுவும் முறுக்காது.

ஆங்கிள்_அம்பது:
460 அகலத்துக்கு மூணு கால் ஆபத்து, ஒத்தைக் கால் இருக்கிற பக்கம் சாயும். மூணை மட்டம் பார்த்து வெச்சுட்டு, நாலாவதைக் கையால தொட வெச்சு, ஸ்பானர்ல கால்வாசிச் சுத்து மட்டும் இறுக்குங்க. அதுக்கு மேல இறுக்கினா முறுக்கு ஆரம்பிக்கும்.

நட்டு_வச்ச_மிஷின்:
தினம் காலைல இதையெல்லாம் பண்ணுவாங்களா தம்பி? ஒரு வாரம் பண்ணுவாங்க, அப்புறம் வீல் மேலயே ஓட்டுவாங்க.

தேக்குச்சீவல்:
அது நியாயமான பயம்தான். நிக்கிற இடத்துல நாலு கால் விழற புள்ளியையும் பெயிண்டால குறிச்சு, போல்ட் தலையில ஒரு கோடு போட்டுட்டா தினம் மட்டம் பார்க்க வேண்டாம், மழைக்கு முன்னயும் பின்னயும் பார்த்தாப் போதும். வயரையும் கவனிங்க: நகர்ற மிஷினுக்கு எர்த்தோட 3 கோர் பிளெக்சிபிள் வயர்தான், ஓட்டுறப்ப வீல் அதுமேல ஏறக் கூடாது.

திருமங்கலத்தான்:
நாலு வீலும் பக்கவாட்டுல திரும்புறதா, ரெண்டு மட்டுமா?

ஆங்கிள்_அம்பது:
சுவரோரம் பக்கவாட்டுல ஒதுக்கணும், அதனால நாலும். ஆனா வாசல் சாய்தளத்துப் பக்கம் கொண்டு போகாதீங்க, நாலும் சுழன்றா 305 கிலோ அது இஷ்டத்துக்குத் திரும்பும். அங்கே போகணும்னா ரெண்டு மட்டும் திரும்பாத பிக்ஸட் வீல்.