களிமண் தோட்டத்தில் ஃபாசிகுலேரியா நடலாமா?

புதுத்தோட்டம், லெஸ்டர் (இங்கிலாந்து):
அன்னாசிச் சாதி முட்செடியான ஃபாசிகுலேரியா பைகலர் ஒன்று 2 லிட்டர் தொட்டியில் இருக்கிறது. தரையில் நட இடம் என்றால் தெற்கு பார்த்த வீட்டுச் சுவரடிதான். மண் சுத்தக் களி, மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கும். வெளியே வைத்த அதே சாதி பில்பெர்ஜியா நூட்டன்ஸ் -4 டிகிரிக்கே போய்விட்டது; குருத்தை இழுத்தால் கையோடு வருகிறது. அன்னாசிச் சாதிக்கு இந்த ஊர்க் குளிர் ஆகவே ஆகாதா?

சரளைக்கல்:
இரண்டும் ஒன்றல்ல. பில்பெர்ஜியா பிரேசில் பக்கத்துச் செடி, லேசான உறைபனியோடு சரி. ஃபாசிகுலேரியா சிலி நாட்டுக் கடலோரப் பாறைகளில் வளர்வது. வேர் காய்ந்திருந்தால் -8 வரைக்கும் பயமில்லை. அதைக் கொல்வது குளிரைவிட ஈரம்தான்.

களிமண்ணில் குழி தோண்டிச் சரளையைக் கொட்டிவிடாதீர்கள். சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதில் வந்து இறங்கும், குழி கிணறாகிவிடும். தரைக்கு மேலே 30 செ.மீ. மேடு கட்டுங்கள்: 4–6 மி.மீ. சரளை 3 பங்கு, தோட்டமண் 2 பங்கு, இலைமக்கு 1 பங்கு. செடியைச் சாய்த்து நடுங்கள், குருத்தில் மழைநீர் தேங்காது. கழுத்து (வேரும் இலைக்கொத்தும் சேரும் இடம்) மண்ணுக்குள் போகக் கூடாது; அதைச் சுற்றி 3 செ.மீ. வெறும் சரளை. மே, ஜூனில் நடுவது நல்லது. அக்டோபரில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் குளிர் வந்துவிடும்.

மழைநிழல்:
மேடு சரி, ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம். சுவரின் ஈரத்தடுப்பு அடுக்கு தரையிலிருந்து வழக்கமாக 15 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். அதற்கு மேல் மண் ஏறினால் ஈரம் வீட்டுக்குள் கசியும். ஓரடி இடைவெளி விடுங்கள். கூரை விளிம்பின் கீழ் மழை குறைவாக விழுவதும் லாபம்தான்.

ஃபிளீஸ் துணியால் (செடிகளைக் குளிரிலிருந்து காக்கப் போர்த்தும் மெல்லிய துணி) சுற்றுவது பெரும்பாலும் கெடுதல். நனைந்த துணி குருத்தோடு ஒட்டிக் கிடந்தால் அழுகல் அங்கிருந்தே தொடங்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மேலே ஒரு பாலிகார்பனேட் தகட்டைச் சாய்வாக நிறுத்தி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். குருத்தில் விழும் சருகை நீளமான இடுக்கியால் எடுங்கள். முள் கையுறையையும் கிழிக்கும்.

உள் இலைகள் சிவந்தால் நோய் என்று மருந்தடிக்க ஓடாதீர்கள். நடுவில் வெளிர்நீலப் பூ வரப்போகிறது. பூத்த இலைக்கொத்து மெல்லச் சாகும், பக்கக்கன்றுகள் இடத்தை நிரப்பும்.

புதுத்தோட்டம்:
நன்றி. அப்படியானால் பில்பெர்ஜியா தொட்டியைக் கொட்டிவிடட்டுமா?

சரளைக்கல்:
அவசரப்படாதீர்கள். அழுகிய கொத்தை மட்டும் அடியோடு வெட்டிவிட்டு, தொட்டியை உறைபனி படாத இடத்தில் வையுங்கள். மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். அடிக்கிழங்கு கெட்டியாக இருந்தால் ஜூனுக்குள் கன்று எட்டிப் பார்க்கும்.