விண்டோஸ் 10 ஓடும் பழைய கணினிக்கு எந்த லினக்ஸ் போடலாம்? அப்பாவின் தமிழ் ஃபைல்கள் முக்கியம்

நெல்லை வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ3 மேசைக் கணினி. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் எட்டாம் தலைமுறை பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

இதை அதிகம் பயன்படுத்துவது அப்பாதான். ஊர்க் கோயில் கமிட்டியின் கடிதங்கள், வரவு செலவுக் கணக்கு எல்லாம் அவர் அடிப்பவை. தமிழ் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர், டைப்ரைட்டர் விசை அமைப்பைத் தவிர வேறு எதிலும் அவருக்குக் கை ஓடாது. பல வருடக் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் வேர்டு ஃபைல்களாகக் கிடக்கின்றன. தம்பி பிளஸ் ஒன் கணினி அறிவியல், அவனுக்கு பைதான் வேண்டும். பிரிண்டர் ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிளஸ்.

லினக்ஸிலேயே உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், பாஸ் என்று ஆளுக்கொரு வகையின் பெயர் சொல்கிறார்கள். எதைப் போடுவது?

காவிரிக்கரை:

உங்கள் கணினிக்கு லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்டின் சின்னமன் பதிப்பு பார்க்க இன்னும் அழகாக இருக்கும், ஆனால் 4 ஜிபி ராமில் பிரவுசரையும் திறந்தால் மூச்சு வாங்கும். உள்ளே இரண்டும் ஒன்றுதான், மேலே தெரியும் திரைச்சூழல் மட்டும் வேறு. மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டது, 2029 வரை அப்டேட் வரும். விண்டோஸ் மாதிரியே கீழே பட்டை, இடது மூலையில் மெனு. அப்பாவுக்குப் புதிதாகப் பழக வேண்டியது குறைவு.

வைஃபைக்கு யுஎஸ்பி டாங்கிள் வைத்திருக்கிறீர்களா, கேபிளா? அதைச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:

நான் டெபியன் பக்கம். 1993-இலிருந்து வருகிறது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாமல் தன்னார்வலர்கள் நடத்துவது. உபுண்டுவுக்கும் பாஸுக்கும் அடித்தளமே டெபியன்தான். வைஃபை ஃபர்ம்வேரை, அதாவது அந்தக் கருவியை இயக்கும் உள் மென்பொருளை, தனியாகத் தேடி அலைய வேண்டும் என்ற பழைய தொல்லையும் டெபியன் 12 முதல் பெரும்பாலும் தீர்ந்தது, இன்ஸ்டாலரிலேயே சேர்த்துத் தருகிறார்கள். எக்ஸ்எஃப்சிஇ இதிலும் உண்டு.

ஃபெடோரா நல்ல சிஸ்டம்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாதம்தான் ஆதரவு. அப்பாவின் கணினியை அடிக்கடி மேம்படுத்திக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். பாஸ் நம் நாட்டு அரசுக் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது, அந்த முயற்சி மீது எனக்கு மிகுந்த மரியாதை. ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு சிக்கல் வந்தால் தேடிப் பார்க்க மின்டுக்கும் உபுண்டுவுக்கும்தான் விடைகள் அதிகம் கிடைக்கும்.

நெல்லை வாசகி:

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. வைஃபை யுஎஸ்பி டாங்கிள்தான். இன்னொரு சந்தேகம்: விண்டோஸும் லினக்ஸும் ஒரே டிஸ்கில் இரண்டும் இருக்கும்படி போடலாமா? அப்பாவுக்கு விண்டோஸ் ஒரேயடியாகப் போய்விடுமோ என்று பயம்.

காவிரிக்கரை:

போடலாம், ஆனால் உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்பேன். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது.

ஒரு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்கின் கேபிளைக் கழற்றி எஸ்எஸ்டியில் மாட்டி, அதில் மட்டும் லினக்ஸ் போடுங்கள். பழைய டிஸ்க் விண்டோஸோடு அப்படியே அலமாரியில் இருக்கட்டும். பார்ட்டிஷன் பிரிக்கும்போது ஃபைல் அழிந்துவிடுமோ என்ற கவலையே இல்லை. பிடிக்கவில்லை என்றால் கேபிளை மாற்றி மாட்டினால் பழையபடி ஆகிவிடும். வேகமும் கூடும். இந்த வயதுக் கணினிகளில் மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் டிஸ்க்தான். எஸ்எஸ்டி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பழைய டிடிஆர்3 ராம் 4 ஜிபி கிடைத்தால் அதையும் சேர்த்துவிடுங்கள்.

அதற்கு முன்னால் செலவே இல்லாமல் சோதித்துப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து பூட் செய்ய உதவும் வென்டாய் என்ற கருவியை அதில் போட்டு, மின்ட் ஐஎஸ்ஓ, டெபியன் லைவ் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் ஃபைல்கள் இரண்டையும் அதில் காப்பி செய்யுங்கள். அதிலிருந்து பூட் செய்தால் டிஸ்கைத் தொடாமலே சிஸ்டம் ஓடும். அப்பாவை உட்கார வைத்து ஒரு கடிதம் அடித்து பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பெயர் நல்லது என்பதைவிட, அந்தக் கடிதம் தாளில் வருகிறதா என்பதுதான் உங்கள் தேர்வு.

வைஃபை பிடிக்கவில்லை என்றால் போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் (போன் இணையத்தைக் கணினிக்குத் தருவது) போடுங்கள், அந்த இணையத்தை வைத்தே டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

மலைக்கோட்டை:

தமிழ் தட்டச்சுக்கு: ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும் அதற்கான எம்17என் தொகுப்பும் நிறுவுங்கள். பிறகு ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வந்தால் பட்டியலில் தமிழ்99, ஒலியியல், இன்ஸ்கிரிப்ட் இவற்றோடு டைப்ரைட்டர் அமைப்பும் இருக்கும். அப்பா அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நெல்லை வாசகி:

நேற்று மின்ட் லைவில் பார்த்தோம். டாங்கிள் பிடிக்கவில்லை, டெதரிங் சொன்னபடி வேலை செய்தது. டைப்ரைட்டர் அமைப்பு கிடைத்ததும் அப்பா கடகடவென்று அடித்துவிட்டார், அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி! இரண்டு சிக்கல்கள். பிரிண்டர் பெயர் தெரிகிறது, ஆனால் தாள் நகரவே இல்லை. பாமினி ஃபைல்களை, வேர்டுக்குப் பதில் மின்டில் இருக்கும் லிப்ரேஆஃபீஸில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. கடிதங்கள் கெட்டுவிட்டனவா?

காவிரிக்கரை:

கெடவில்லை, பயப்படாதீர்கள். பாமினி, இப்போது எல்லாக் கணினியிலும் போனிலும் பொதுவாக இருக்கும் யூனிகோடு எழுத்து முறைக்கு முந்தைய முறை. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள்: ஆங்கில 'ஜே' இருக்கும் இடத்தில் 'த', 'கே' இடத்தில் 'ம'. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். விண்டோஸ் டிஸ்கில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினி ஃபைலை எடுத்து, மின்டில் அதை இருமுறை கிளிக் செய்து நிறுவுங்கள். லிப்ரேஆஃபீஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். பாமினியில் இருக்கும் கடிதத்தில் 'கும்பாபிஷேகம்' என்று தேடினால் கிடைக்காது. போனில் அனுப்பினாலும் படிக்க முடியாது. முக்கியமானவற்றை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக ஆக்கி வையுங்கள், மூலத்தை அழிக்காமல். கமிட்டிக் கணக்கு விஷயம் என்பதால் மாற்றியதும் பெயர்களையும் தொகைகளையும் அப்பா ஒருமுறை சரிபார்த்துவிடட்டும்.

மலைக்கோட்டை:

பிரிண்டர்: 1020 வகைக்குள்ளே ஃபர்ம்வேர் நிரந்தரமாகத் தங்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். ஹெச்பி பிரிண்டர்களுக்கான ஹெச்பிலிப் மென்பொருளில் பிளக்-இன் என்று தனியாக ஒன்று உண்டு, இணையம் இருக்கும்போது அதை நிறுவுங்கள். அது திறமூலம் அல்ல, அதனால்தான் கூடவே வருவதில்லை. நிறுவிய பின் பிரிண்டரை அணைத்துப் போடுங்கள்.

கொக்குவில்:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கமும் பாமினி ஃபைல்கள் ஏராளம். அந்த எம்17என் பட்டியலில் ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கு. இலங்கையில் பழகின ஆக்கள் யாரும் இந்த இழையை வாசிச்சால், டைப்ரைட்டருக்குப் பதிலா அதைத் தெரிவு செய்யுங்கோ.

நெல்லை வாசகி:

பிரிண்ட் வந்துவிட்டது! எஸ்எஸ்டி வாங்கி மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டாயிற்று. பாமினி கடிதங்களும் சரியாகத் திறக்கின்றன. பைதான் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது என்று தம்பிக்குச் சந்தோஷம். டிரைவர் மேலாளர் ஒன்றும் காட்டவில்லை, அதனால் டாங்கிளுக்குப் பதில் கேபிள் இழுத்துவிட்டோம். பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்து கூடுதல் இடமாக வைத்துக்கொள்ளலாமா?

காவிரிக்கரை:

இப்போது வேண்டாம். அடுத்த ஆண்டுக் கணக்கு முடியும்வரை அப்படியே இருக்கட்டும். அதற்குள் அப்பாவுக்குத் தேவையான ஏதாவது ஃபைல் அதில் விட்டுப்போயிருந்தால் தெரிந்துவிடும். மின்டில் டைம்ஷிஃப்ட் என்ற காப்பு நகல் கருவியைத் திறந்து வாரம் ஒருமுறை என்று வைத்துவிடுங்கள். அது சிஸ்டத்தை மட்டும்தான் காப்பாற்றும், கடிதங்களைத் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.