கம்பளி விரிப்பில் ஈர வாடை, பையனுக்குத் தும்மல்: வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். வேளச்சேரியில் தரைத்தள வீடு எங்களுடையது. ஸ்ரீநகர் போனபோது ஆசைப்பட்டு வாங்கிய 6க்கு 4 அடி கம்பளி விரிப்பு ஹாலில் கிடக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அதில் நனைந்த ஆட்டுக்குட்டி வாடை. ஐந்து வயதுப் பையன் அதில் உட்கார்ந்து விளையாடினால் பத்தே நிமிடத்தில் தும்மல்.

டாக்டர் தூசிப்பூச்சி ஒவ்வாமை என்கிறார். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினால் அவை பெருகுமாம். சென்னையில் அது என்றைக்குக் குறைந்தது! போர்வை, தலையணை உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்துவிடுகிறேன். கம்பளியை அப்படிப் போட்டால் சுருங்கிவிடுமே.

வாக்குவம் கிளீனரில் மேல்தூசிதான் வருகிறது. திருப்பிப் போட்டுத் தட்டினால், மாவு சலித்த மாதிரி மெல்லிய மண் கொட்டுகிறது. ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்தேன், சிவப்புச் சாயம் லேசாக ஒட்டியது. அதனால் தண்ணீர் விடவும் பயம். போன வருடம் ஒரு கடையில் கழுவக் கொடுத்து, ஈரத்தோடே சுருட்டித் திருப்பித் தந்தார்கள்.

வீட்டிலேயே சுத்தம் செய்தவர்கள் இருக்கிறீர்களா? வெயில் வரும்வரை சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்குமா? "பவானி ஜமக்காளம் போதும், உதறினால் போச்சு" என்கிறார் மாமியார். தூக்கிப் போடச் சொல்லாமல் வேறு ஏதாவது சொல்லுங்கள்.